கேட்டு எழுதிப் பேஸ் கிட்டார் கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டு மாடியில் ஞாயிறு மாலைகளில், பாட்டின் அடித்தளமான தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ் கிட்டார் கற்க வருகிறவர்கள் காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆரணி என்று பல ஊர்களிலிருந்து வருகிறார்கள். அவர்களில் பாதிப்பேர் தேவாலயப் பாடகர் குழுக்களில் வாசிப்பவர்கள். மற்றவர்கள் கல்லூரிக் குழுக்களையும், ஆடி மாதத் திருவிழாக்களுக்குப் போகும் மெல்லிசைக் குழுக்களையும் சேர்ந்தவர்கள். 1960களிலும் 1970களிலும் அமெரிக்காவில் பதிவான சோல், ஃபங்க், ஜாஸ் இசைத்தட்டுகளைக் கேட்டு, அவற்றின் பேஸ் பகுதியை எழுதி எழுதியே நான் கற்றேன். வருகிறவர்களுக்கும் அதையே சொல்லித் தருகிறேன். புதிதாக யார் வந்தாலும் ஏறத்தாழ இதே ஐயங்கள் எழுவதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்து விடை எழுதியிருக்கிறேன்.

"கேட்டு எடுக்கிறது"ன்னா என்ன அண்ணா? பாட்டைப் போட்டுக் கூடவே வாசிக்கிறதுதானே?

கூடவே வாசிப்பது அதன் கடைசிப் படி. ஒரு பதிவில் பேஸ் வாசித்தவர் எந்த நோட்டை எடுத்தார், அதை எந்த இடத்தில் தொடங்கினார், எந்த இடத்தில் நிறுத்தினார் என்ற மூன்றையும் காதால் மட்டுமே கண்டறிந்து, தாளில் எழுதி, எழுதியதைப் பதிவோடு ஒப்பிட்டுத் திருத்துவதைத்தான் கேட்டு எடுத்தல் என்கிறேன். முதல் இரண்டையும் எல்லோரும் தேடுகிறார்கள். மூன்றாவதைத் தேடுகிறவர் மிகச் சிலர். பேஸ் வாசிப்பவரின் தரம் பெரும்பாலும் அந்த மூன்றாவதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. இந்தப் பக்கத்தில் அதையே பல இடங்களில் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

தொடங்கும்போது கிட்டாரைக் கையில் எடுக்க வேண்டாம். இரண்டு பார் (பார் என்பது பெரும்பாலும் நான்கு பீட், அதாவது நான்கு தட்டு, கொண்ட தாள அளவு) நீளமுள்ள ஒரு பகுதியை இருபது முப்பது முறை கேட்டு, அதை வாயால் பாடிக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். பாட முடியாத ஒன்றை விரல் தேடிக் கண்டுபிடிக்காது. கிட்டார் கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளின் மேல் ஊகித்துக்கொண்டே இருக்கும்.

எனக்கு ஸ்டாஃப் நோட்டேஷன் தெரியாது. எதுலதான் எழுதறது?

பள்ளிப் பிள்ளைகள் கணக்குக்குப் பயன்படுத்தும் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் போதும். நான்கு பீட் கொண்ட ஒரு பாருக்குப் பதினாறு கட்டங்களை ஒரே வரிசையில் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பீட்டுக்கும் நான்கு கட்டங்கள் கிடைக்கும், அதாவது ஒரு "தகதிமி". நோட் தொடங்கும் கட்டத்தில் அதன் பெயரை எழுதி, அது ஒலித்துக்கொண்டிருக்கும் கட்டங்கள் வழியே ஒரு கோடு இழுத்து, நிற்கும் கட்டத்தில் கோட்டையும் நிறுத்துங்கள். ஒன்றும் ஒலிக்காத கட்டம் வெற்றாகவே இருக்கட்டும்.

எடுத்துக்காட்டாக, ஷீக் குழுவின் 'குட் டைம்ஸ்' (1979) பாட்டில் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் வாசித்த பேஸ், ஈ நோட்டை மூன்று பீட்டுகளில் மூன்று முறை அடித்துத் தொடங்குகிறது. நம் தாளில் அவை 1, 5, 9 ஆகிய கட்டங்களில் விழும். அந்த மூன்றும் அடுத்த பீட் வரை நீள்வதில்லை என்பதையும், நடுவே மூச்சு விடும் இடம் இருப்பதையும் கோட்டின் நீளம் காட்டும். ஸ்டாஃப் முறையை, அதாவது ஐந்து கோட்டு மேலைநாட்டு இசைக்குறிப்பை, பிறகு கற்றுக்கொள்ளுங்கள். அது நிச்சயம் பயன்படும். ஆனால் அதைக் கற்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கர்நாடக சங்கீதம் அஞ்சு வருஷம் கத்துக்கிட்டேன் சார். அது இதுக்கு உதவுமா, இல்ல மறந்துடணுமா?

மறக்கவே வேண்டாம். பாட்டின் ஆதார சுருதியை ஸட்ஜமாக வைத்துக் கேட்டால், மேலைநாட்டுப் பெயர் தெரியாமலேயே பேஸ் நடையைச் சுரமாகப் பிடித்துவிடலாம். சோல் பாட்டுகளில் மோகனத்தின் ஐந்து சுரங்களும், ஃபங்க் பாட்டுகளில் சுத்த தன்யாசியின் ஐந்து சுரங்களும் திரும்பத் திரும்ப வரும். மைல்ஸ் டேவிஸின் 'ஸோ வாட்' (1959) முதல் பதினாறு பார் இரண்டு கட்டையில் கரகரப்ரியாவின் சுரங்கள், அடுத்த எட்டு பார் அதே சுரங்கள் இரண்டரைக் கட்டையில், கடைசி எட்டு பார் மீண்டும் இரண்டு கட்டையில். மேலைநாட்டார் இதை டி டோரியன், ஈ ஃபிளாட் டோரியன் என்பார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நம் பாட்டில் சுரங்களுக்கு இடையே கமகம் ஓடும். இங்கே பேஸ் பெரும்பாலும் சுரத்தின் மேல் நேராக நிற்கும். பழக்கத்தால் நீங்களே கமகம் சேர்த்துக் கேட்டுவிடக் கூடாது.

முதல்ல எந்தப் பாட்டுல ஆரம்பிக்கலாம்?

பென் ஈ. கிங்கின் 'ஸ்டாண்ட் பை மீ' (1961) என்று எப்போதும் சொல்வேன். ஏ கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) இரண்டு பார், எஃப் ஷார்ப் மைனர் இரண்டு பார், டி ஒரு பார், ஈ ஒரு பார், மீண்டும் ஏ இரண்டு பார் என்று எட்டு பார் கொண்ட ஒரே சுற்று பாட்டு முழுவதும் வருகிறது. பேஸ் ஏறத்தாழ தனியாகவே தொடங்குவதால் தேட வேண்டியதில்லை. இரண்டாவதாக புக்கர் டி. அண்ட் தி எம்.ஜி.ஸ் குழுவின் 'கிரீன் ஆனியன்ஸ்' (1962). பன்னிரண்டு பார் கொண்ட ப்ளூஸ் சுற்றில் ஒரே விரல் வடிவம் மூன்று இடங்களுக்கு நகர்வதால், வடிவத்தை ஒருமுறை பிடித்தால் பாட்டே கிடைத்துவிடும். அதில் பேஸ் வாசித்தவர் டக் டன் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்தப் பதிவில் வாசித்தவர் லூயி ஸ்டைன்பெர்க். டன் பிறகுதான் அந்தக் குழுவுக்கு வந்தார்.

மூன்றாவதாக பில் விதர்ஸின் 'எய்ன்ட் நோ சன்ஷைன்' (1971). இதில் வாசித்தவர்தான் டக் டன். எத்தனை குறைவாக வாசித்தும் ஒரு பாட்டைத் தாங்கிப் பிடிக்கலாம் என்பதை இதில் கேட்கலாம். நான்காவது, மேலே சொன்ன 'குட் டைம்ஸ்'. இந்த நான்கையும் நேர்மையாக எழுதி முடித்தவருக்கு, கடினமான பேஸ் நடைகளுக்குப் பேர்போன ஜேம்ஸ் ஜேமர்சன் பக்கம் போகும் தகுதி வந்துவிடும். முதல் நாளே ஜேமர்சனையோ ஜாஸ் பேஸ் கலைஞர் ஜேக்கோ பஸ்டோரியஸையோ எடுக்க முயன்று மனம் உடைந்து, கிட்டாரை உறையில் போட்டு மூடிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

போன்ல பாட்டு போட்டா பேஸே கேக்கலையே அண்ணா?

பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பியான ஈ, நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகளில் ஒலிக்கிறது. அடுத்த கம்பியான ஏ 55 அதிர்வுகளில். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் இவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்ப முடியாது. நமக்குக் கேட்பது அந்த நோட்டின் மேல் அதிர்வுகள் மட்டுமே. அவற்றைக் கொண்டு மனம் அடி ஒலியை ஊகித்துக்கொள்கிறது. ஆகவே கம்பி உள்ள ஒரு நல்ல ஹெட்போனை வாங்குங்கள். இந்தக் கலைக்குக் கிட்டாருக்கு அடுத்த முக்கியமான கருவி அதுதான்.

அப்படியும் தெளியாவிட்டால், ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அந்தப் பகுதியை மட்டும் ஒரு ஸ்தாயி, அதாவது பன்னிரண்டு அரைச்சுரங்கள், மேலே ஏற்றிக் கேளுங்கள். பேஸ் நம் காதுக்குப் பழகிய உயரத்துக்கு வந்துவிடும். எழுதும்போது மறக்காமல் கீழே இறக்கிக்கொள்ளுங்கள்.

நோட் கிடைக்குது, ஆனா அது மேல் ஸ்தாயியா கீழ் ஸ்தாயியான்னு தெரியலையே?

இதற்குக் காரணம் முந்தைய விடையிலேயே இருக்கிறது: அடி ஒலி சரியாகக் கேட்காதபோது ஸ்தாயி குழம்பும். நல்ல ஹெட்போனிலும் குழப்பம் தீராவிட்டால் இரண்டு ஸ்தாயியிலும் வாசித்துப் பாருங்கள். கீழ் நோட்டின் ஒலி தடித்தும் மேல் நோட்டின் ஒலி இறுகியும் இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் வரும் நோட்டுகளிலிருந்து கை எட்டும் தூரத்தில் எது இருக்கிறது என்பதும் ஒரு சான்று. வாசித்தவருக்கும் நம்மைப் போல ஒரு கைதான் இருந்தது.

ஸ்லோ பண்ணிக் கேக்கலாமா, இல்ல அது ஏமாத்து வேலையா?

தாராளமாகக் கேட்கலாம். முக்கால் வேகம் பெரும்பாலும் போதும். அரை வேகத்துக்குக் கீழே போனால் ஒலி சிதைந்து, இல்லாத நோட்டுகள் கேட்கத் தொடங்கும். நோட் என்ன என்பதை மெதுவாகக் கேட்டுக் கண்டுபிடிக்கலாம். அது எங்கே நிற்கிறது என்பதை முழு வேகத்தில்தான் தீர்மானிக்க வேண்டும்.

இன்டர்நெட்ல டேப் ரெடியா இருக்கும்போது எதுக்கு இவ்வளவு கஷ்டம்?

டேப் என்பது எந்தக் கம்பி, எந்த ஃபிரெட் என்று சொல்லும் முகவரி. எவ்வளவு நேரம் அங்கே இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலான டேப்புகள் சொல்வதில்லை. அவற்றில் பிழைகளும் மிகுதி. ஒரு பாட்டின் பேஸை நீங்களே எழுதி முடித்த பிறகு டேப்பைத் திறந்து ஒப்பிடுங்கள். வேறுபடும் இடத்தில் பதிவை மீண்டும் கேட்டு, யார் எழுதியது சரி என்று முடிவு செய்யுங்கள். பலமுறை நீங்கள்தான் சரியாக எழுதியிருப்பீர்கள்.

அதோடு, தேவாலயத்திலோ மேடையிலோ பாடகர் திடீரென்று ஒரு பாட்டைத் தொடங்கும்போது உங்கள் முன்னால் டேப் இருக்காது. காதில் பழகிய வேலை மட்டுமே அங்கே உதவும்.

ஒரு ஏ.ஐ. ஆப் பேஸை மட்டும் தனியாப் பிரிச்சுக் குடுக்குது. அதைப் பயன்படுத்தலாமா?

டீசர் நிறுவனம் 2019-ல் ஸ்ப்ளீட்டர் என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டதிலிருந்து இவ்வகைச் செயலிகள் பெருகிவிட்டன. நானும் பயன்படுத்துகிறேன், ஆனால் இரண்டாவது சுற்றில்தான். முதல் சுற்றை முழுப் பாட்டிலிருந்தே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பேஸும் காலால் அடிக்கும் கிக் டிரம்மும் ஒன்றையொன்று எங்கே சந்திக்கின்றன, எங்கே விலகுகின்றன என்பதில்தான் குரூவ், அதாவது உடலை ஆட வைக்கும் தாள ஓட்டம், பிறக்கிறது. பேஸைத் தனியாகப் பெயர்த்தெடுத்தால் அந்த உறவு காதிலிருந்து மறைந்துவிடுகிறது.

மேலும், பிரிக்கும்போது கிக் டிரம்மின் ஒலி பேஸோடு ஒட்டிக்கொண்டு வரும். இல்லாத நோட் இருப்பதுபோலத் தோன்றும். பேஸ் நோட்டின் வால் வெட்டுப்பட்டு, நீண்ட நோட் குறுகியதாகவும் கேட்கலாம். எழுதியதைச் சரிபார்க்க மட்டுமே அதை நம்புங்கள்.

வீட்ல ஆம்ப் இல்ல. ராத்திரி சத்தம் போடவும் முடியாது. என்ன பண்றது?

மின்சாரம் போன இரவுகளில் நான் கண்டுகொண்ட வழி இது: பேஸின் உடல் முனையை மரப் பீரோவிலோ மரக் கதவிலோ மெதுவாகச் சாய்த்து வைத்து வாசியுங்கள். மரம் முழுவதும் அதிர்ந்து, ஒரு அறைக்குப் போதுமான ஒலி வரும். கிட்டாரின் மேல் கீறல் விழாமல் நடுவே ஒரு துணியை வையுங்கள்.

என் பொண்ணு எட்டாவது படிக்கிறா சார். கை சின்னதா இருக்கு. பேஸ் அவளுக்கு ஒத்து வருமா? பொம்பளப் பிள்ளைங்க இதை வாசிப்பாங்களா?

வாசிப்பார்கள், அம்மா. 1960களில் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் மிக அதிகமாக அழைக்கப்பட்ட பேஸ் கலைஞர்களில் ஒருவர் கேரல் கே என்னும் பெண்மணி. அவர் விரலால் அல்ல, பிக் என்னும் சிறு மீட்டுவில்லை கொண்டு வாசித்தார். வழக்கமான பேஸில் கம்பியின் நீளம் 34 அங்குலம். 30 அங்குல நீளத்தில் குட்டையான வகையும் கிடைக்கிறது. உங்கள் மகளுக்கு அதை வாங்கிக் கொடுங்கள். கேட்டு எழுதும் வேலைக்குக் கையின் அளவு ஒரு பொருட்டே அல்ல. அவள் இன்றைக்கே தொடங்கலாம்.

நோட்டெல்லாம் கரெக்டா எழுதிட்டேன், டைமும் சரியாத்தான் இருக்கு. வாசிச்சா மட்டும் அந்தப் பாட்டு மாதிரி இல்லையே, ஏன்?

என்னிடம் வந்த கேள்விகளிலேயே நான் மிகவும் மதிக்கும் கேள்வி இது. கேட்பவருக்குக் காது திறந்துவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம். முதலில் உங்கள் கட்டத் தாளை எடுத்து, கோடுகளின் நீளத்தைப் பதிவோடு மீண்டும் ஒப்பிடுங்கள். பத்தில் எட்டுப் பேரின் தாளில் எல்லாக் கோடுகளும் அடுத்த நோட்டைத் தொட்டுக்கொண்டே இருக்கும். பதிவில் அப்படி இருக்காது. நோட்டை நிறுத்துவது தனி வேலை: இடக்கை விரலை ஃபிரெட்டிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்த வேண்டும், அல்லது வலக்கையின் அடுத்த விரலைக் கம்பியின் மேல் முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். ஒரே நோட்டை ஒரு கட்டம், இரண்டு கட்டம், மூன்று கட்டம், நான்கு கட்டம் என்று வெவ்வேறு நீளத்தில் நிறுத்திப் பழகுங்கள். பத்து நிமிடம் இதைச் செய்தால், ஒரே நோட் நான்கு விதமான நடையைத் தருவதை உணர்வீர்கள்.

அடுத்தது கம்பியும் ஒலியும். டெட்ராய்ட்டில் மோடவுன் நிறுவனத்தின் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் (1936-1983), 1962-ல் செய்யப்பட்ட ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில், மேற்புறம் வழவழப்பான, தடித்த ஃபிளாட்வவுண்ட் கம்பிகளைப் போட்டு, அவற்றை மாற்றாமலேயே பல ஆண்டுகள் வாசித்தார். கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜின் மூடிக்குள் இருந்த நுரைப் பட்டை கம்பியைத் தொட்டு, ஒலியைச் சீக்கிரம் அடங்கச் செய்தது. வலக்கையில் ஆள்காட்டி விரல் ஒன்றையே பயன்படுத்தினார். உங்கள் புதிய, சொரசொரப்பான ரவுண்ட்வவுண்ட் கம்பிகள் மணிபோல நீளமாக ஒலிக்கும். அந்த ஒலியில் அவருடைய நோட்டுகளை வாசித்தால் வேறு பாட்டாகத்தான் கேட்கும். பாத்திரம் தேய்க்கும் மஞ்சள் ஸ்பாஞ்சில் விரல் தடிப்புக்கு ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் செருகிப் பாருங்கள். அதற்கு ஆகும் செலவு சில ரூபாய். கிடைக்கும் பாடமோ பெரிது.

மூன்றாவதாக, ஜேமர்சன் வாசித்தது என்று எண்ணி எதையோ பின்பற்றிக்கொண்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' (1971) வரும் வரை மோடவுன் தன் உறைகளில் பக்கவாத்தியக் கலைஞர்களின் பெயரைப் பொதுவாக அச்சிடவில்லை. அதனால் பல குழப்பங்கள் உண்டு. ஜாக்சன் ஃபைவ் குழுவின் 'ஐ வான்ட் யூ பேக்' (1969) அவருடையது என்று நினைப்பவர் பலர். வாசித்தவர் வில்டன் ஃபெல்டர், ஒரு சாக்ஸஃபோன் கலைஞர்.

ஃபங்க்ல எல்லாரும் "ஒண்ணு, ஒண்ணு"ன்னு சொல்றாங்களே, அது என்ன?

பாரின் முதல் பீட்டைச் சொல்கிறார்கள். ஜேம்ஸ் பிரௌன் தன் குழு முழுவதையும் அந்த முதல் பீட்டில் ஒன்றாக இறங்கச் செய்தார். நடுவில் யார் எங்கே போனாலும் அங்கே வந்து சேர வேண்டும். நம் தாளத்தில் சமத்துக்கு இருக்கும் இடமே இது. மிருதங்கக்காரர் எவ்வளவு சிக்கலான கணக்குப் போட்டாலும் சமத்தில் வந்து விழும்போது அவையில் ஒரு தலையசைப்பு எழுகிறதே, அதே உணர்வு. தெருக்கூத்து பார்த்து வளர்ந்த ஆரணி, செய்யாறு பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கட்டியங்காரன் வரும்போது எழும் அடியைக் கேட்டவர்கள் அவர்கள்.

பிரௌனின் குழுவில் 1970-ல் சேர்ந்தபோது பூட்ஸி காலின்ஸுக்கு வயது 18. அவர் வாசித்த 'செக்ஸ் மெஷின்' பதிவை எழுதும்போது, ஒவ்வொரு பாரிலும் முதல் கட்டத்தை வேறு நிற மையால் குறியுங்கள். மற்ற பதினைந்து கட்டங்களிலும் அவர் எடுத்துக்கொண்ட சுதந்திரத்துக்கு அந்த ஒன்றுதான் ஆதாரம் என்பது தாளைப் பார்த்தாலே தெரியும். அதே இசையின் முந்தைய நிலையைக் கேட்க 1967-ன் 'கோல்ட் ஸ்வெட்' போதும்; அதில் பேஸ் பெர்னார்ட் ஓடம்.

நடுவுல சுருதியே இல்லாம "டக் டக்"னு ஒரு சத்தம் வருது. அதையும் எழுதணுமா?

கட்டாயம் எழுத வேண்டும். இடக்கையால் கம்பியை லேசாகத் தொட்டபடி வலக்கையால் மீட்டும்போது வரும் அமுங்கிய அடி அது. கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். டவர் ஆஃப் பவர் குழுவின் 'வாட் இஸ் ஹிப்' (1973) பாட்டில் ராக்கோ பிரெஸ்டியா பதினாறு கட்டங்களையும் ஏறத்தாழ விடாமல் நிரப்புகிறார். அவற்றில் எது முழு நோட், எது அமுங்கிய அடி என்று பிரித்தறிவதே அந்தப் பாட்டின் முழு வேலை. முதலில் "தகதிமி தகதிமி" என்று வாயால் சொல்லி, சுருதி கேட்கும் எழுத்தை மட்டும் உரக்கச் சொல்லுங்கள். வாய் சரியாகச் சொல்லும் வரை கிட்டாரைத் தொட வேண்டாம்.

கட்டைவிரலால அடிக்கிற ஸ்லாப் எப்போ கத்துக்கறது? அதுக்குத்தான் பேஸே வாங்கினேன்.

லாரி கிரஹாம் இதைக் கண்டுபிடித்த கதையைத் தெரிந்துகொண்டால், எப்போது என்பது உங்களுக்கே விளங்கும். பியானோ வாசித்த தன் தாயாரோடு அவர் பேஸ் வாசித்துவந்த நாட்களில் குழுவில் டிரம் வாசிப்பவர் இல்லாமல் போனார். கிக் டிரம்முக்குப் பதிலாகக் கட்டைவிரலால் கம்பியை அடித்தும், ஸ்நேர் டிரம்முக்குப் பதிலாக விரலால் கம்பியை இழுத்து விட்டும் அந்தக் குறையை நிரப்பினார். பிறகு ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழுவில் 1969-ன் இறுதியில் வெளிவந்த 'தேங்க் யூ' பாட்டில் உலகம் அதைக் கேட்டது.

ஆகவே ஸ்லாப் எழுதும்போது டிரம் எழுதுவதுபோல எழுதுங்கள்: கட்டைவிரலுக்கு ஒரு வரி, இழுப்புக்கு ஒரு வரி. மே மாத விடுமுறைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விட, டிரம் இல்லாமல் நாங்கள் ஆராதனை நடத்திய வாரங்களில் எனக்கும் இது கைகொடுத்தது. முன்பு சொன்ன நான்கு பாட்டுகளையும் முடித்த பிறகு தொடங்கலாம்.

மைல்ஸ் டேவிஸ் ஆல்பத்துக்கு என் பேஸ் சுருதி சேரவே மாட்டேங்குது. ட்யூனர் சரின்னுதான் காட்டுது. காது கெட்டுப் போச்சா?

உங்கள் காது மிக நன்றாக இருக்கிறது. 1959-ல் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பதிவானபோது, முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகளையும் பதிவு செய்த நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. சரியான வேகத்தில் திரும்ப ஓட்டும்போது அந்த மூன்றும், அதாவது 'ஸோ வாட்', 'ஃபிரெடி ஃப்ரீலோடர்', 'ப்ளூ இன் கிரீன்', உண்மையான சுருதியைவிடச் சற்று மேலே ஒலித்தன. 1990களில் வந்த மறுவெளியீடுகளில்தான் இது திருத்தப்பட்டது. நீங்கள் கேட்பது பழைய வெளியீட்டிலிருந்து எடுத்ததாக இருக்கலாம்.

பழைய பதிவுகள் பலவற்றிலும் இப்படிச் சிறு வேறுபாடு உண்டு. ட்யூனரை ஒதுக்கிவிட்டு, பாட்டில் நீண்டு நிற்கும் ஒரு நோட்டுக்கு உங்கள் கம்பியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தம்புராவுக்குச் சுருதி சேர்க்கிறவர்கள் செய்வதும் இதுதான்.

ஜாஸ்ல பேஸ் நடந்துக்கிட்டே இருக்கு, ஒவ்வொரு சுற்றுலயும் மாறுது. எதைன்னு எழுதறது?

ஒரே ஒரு சுற்றை எழுதுங்கள். 'ஃபிரெடி ஃப்ரீலோடர்' பன்னிரண்டு பார் ப்ளூஸ், ஆதாரம் பி ஃபிளாட், அதாவது ஆறரைக் கட்டை. பியானோ தனியாக வாசிக்கத் தொடங்கும்போது பேஸ் கலைஞர் பால் சேம்பர்ஸ் ஒரு பாருக்கு நான்கு நோட் வீதம் நடக்கிறார். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 48 நோட்டுகள். சுருதி சேராவிட்டால் முந்தைய விடையைப் பாருங்கள்.

48-ஐயும் எழுதிய பிறகு ஒவ்வொரு பாரின் முதல் நோட்டை வட்டமிடுங்கள். பெரும்பாலும் கார்டின் ஆதார நோட் அங்கே இருக்கும். பிறகு ஒவ்வொரு பாரின் நான்காம் நோட்டைப் பாருங்கள். அடுத்த பாரின் முதல் நோட்டுக்கு அரைச்சுரம் மேலிருந்தோ கீழிருந்தோ அது பல இடங்களில் வந்து சேரும். நடுவிலுள்ள இரண்டும் இந்த இரண்டு கரைகளுக்கு இடையே போட்ட பாலம். இதைத் தாளில் கண்ணால் கண்டுவிட்டால், மாறிக்கொண்டே இருக்கும் நடை பயமுறுத்தாது. ஸ்விங் என்று சொல்லப்படும் நீள்-குறு ஆட்டத்துக்கு "தகிட" சொல்லி, முதல் இரண்டு எழுத்தையும் சேர்த்து நீட்டி, மூன்றாவதை மட்டும் தனியே தட்டுங்கள். வேகம் கூடக் கூட இந்த வேறுபாடு குறைந்து சமமாகிவிடும்.

இளையராஜா பாட்டுலயே எவ்வளவு அருமையான பேஸ் இருக்கு. எதுக்கு அமெரிக்கப் பாட்டுக்குப் போகணும்?

அவருடைய பாட்டுகளையும் கட்டாயம் எழுதுங்கள். ஆனால் வரிசை முக்கியம். இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஸ்டாஃப் முறையில் எழுதிக் கொடுப்பவர். அவருடைய பேஸ் பல பாட்டுகளில் பல்லவியில் ஒன்றாகவும், இடையிசையில் வேறாகவும், சரணத்தில் மற்றொன்றாகவும் போகும், பாடகரின் மெட்டுக்கு எதிராக ஒரு தனி மெட்டாகவே பாடும். கற்கத் தொடங்குபவருக்கு அது தேர்வுத் தாள். சோல், ஃபங்க் பாட்டுகளில் இரண்டு பாரோ நான்கு பாரோ கொண்ட ஒரே நடை மூன்று நிமிடம் திரும்ப வருவதால், தவறவிட்டதை அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளலாம். அங்கே காதைத் தீட்டிக்கொண்டு இங்கே வாருங்கள்.

ஒரு பாட்டோட பேஸ் எந்த ஃபிரெட்ல, எப்படி வாசிச்சாலும் அந்த மாதிரி வரவே இல்ல. நுரை வெச்சும் பாத்துட்டேன்.

அது பேஸ் கிட்டாராகவே இல்லாமல் இருக்கலாம். ஸ்டீவி வொண்டரின் 'சூப்பர்ஸ்டிஷன்' (1972) பேஸ் பகுதியை அவரே மூக் சிந்தசைசரில் வாசித்தார். ஹெர்பி ஹான்காக்கின் 'கமீலியன்' (1973) பாட்டைத் தொடங்கி வைக்கும் பேஸ் நடையும் விசைப்பலகையில் வாசித்ததே. நோட்டுகளை எழுதிக்கொள்ளுங்கள், நிறுத்தும் இடங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒலியைத் துரத்த வேண்டாம். விசையிலிருந்து கையை எடுத்த கணமே அதன் ஒலி நின்றுவிடுவதால், நோட்டின் முடிவைக் கேட்டுப் பழக இவை மிகத் தெளிவான பாட்டுகள்.

எழுதி முடிச்சதை சர்ச்சுலயோ கச்சேரியிலயோ எப்படிப் பயன்படுத்தறது? காப்பி அடிச்ச மாதிரி ஆகாதா?

ஒரு கீர்த்தனைக்கு நடுவே 'குட் டைம்ஸ்' பேஸை அப்படியே வைத்தால் பொருந்தாது. கேட்பவர்களின் கவனமும் சிதறும். எடுத்துக்கொள்ள வேண்டியது கட்ட அமைப்பை. எந்தக் கட்டங்களில் நோட் தொடங்குகிறது, எங்கே நிற்கிறது, எவை வெற்றாக இருக்கின்றன என்ற வரைபடத்தை வைத்துக்கொண்டு, உங்கள் பாட்டின் கார்டுகளுக்கு உரிய நோட்டுகளை அதில் நிரப்புங்கள். பாட்டு மெதுவானால் கட்டங்களில் பாதியை அழித்துவிடுங்கள். எழுதியதை ஃபிரெட் எண்ணாக அல்லாமல் சுரமாகவும் நினைவில் வைத்தால், பாடகர் கடைசி நேரத்தில் அரைக்கட்டை இறக்கச் சொன்னாலும் தடுமாற மாட்டீர்கள்.

குடியாத்தத்திலிருந்து வரும் ஒரு தம்பி, சென்ற டிசம்பரில் காரல் பாட்டு ஒன்றுக்கு 'ஸ்டாண்ட் பை மீ' நடையின் இடைவெளிகளை மட்டும் எடுத்து, நோட்டுகள் அனைத்தையும் மாற்றி வாசித்தான். அங்கிருந்த யாருக்கும் அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஆனால் மூன்றாவது வீட்டு வாசலில் பாடும்போது, அதுவரை ஒவ்வொரு வரியிலும் முந்திக்கொண்டிருந்த சிறுவர்கள் அவனுடைய வெற்றுக் கட்டங்களுக்காகக் காத்திருந்து பாடத் தொடங்கியிருந்தார்கள்.